காலையில் வந்தால் பிரிண்டர் ஆஃப்லைன்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை எல்லாமே பிரிண்டர் கேள்விகள். முதல் கேள்விக்கான பதில் கொஞ்சம் நீளம். மற்றவர்களும் அதை ஒருமுறை படித்துவிட்டுத் தங்கள் பதிலுக்குப் போனால் நல்லது, ஏனென்றால் பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: எங்கள் கடையில் ஒரு வைஃபை பிரிண்டர், இரண்டு கணினிகள். ராத்திரி கடை சாத்தும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவோம். காலையில் வந்து போட்டால் பல நாள் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறது. டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டால் வேலை செய்கிறது, இரண்டு நாளில் மறுபடி அதே கதை. ஆனால் அதே நேரத்தில் என் போனிலிருந்து கொடுத்தால் பிரிண்ட் வந்துவிடுகிறது. போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் சர்வீஸ்காரர். மாற்றிவிடலாமா சார்?
*(ஜெராக்ஸ் கடைக்காரர், திருமங்கலம்)*

பதில்: மாற்றாதீர்கள். போனிலிருந்து பிரிண்ட் வருகிறது என்றால் போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. கணினி உங்கள் பிரிண்டரைத் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

வைஃபையில் சேரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ரவுட்டர் ஒரு ஐ.பி. எண் கொடுக்கும், 192.168.1.4 என்பது மாதிரி. கொடுக்கும் இந்த முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். எண் நிரந்தரம் இல்லை, ஒரு கெடு வைத்துத்தான் கொடுக்கும். சாதனம் ஓடிக்கொண்டே இருந்தால் கெடு பாதி கழிந்ததும் தானே புதுப்பித்துக்கொள்ளும். நீங்கள் மெயினையே அணைத்துவிடுவதால் பல ரவுட்டர்கள் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதையே மறந்துவிடுகின்றன, காலையில் முதலில் வந்து நிற்பவருக்கு முதல் எண் போய்விடும். பிரிண்டர் உருண்டு புரண்டு எழுந்து வைஃபையில் சேர்வதற்குள் உங்கள் போன், பையனின் போன், பட்டா பிரிண்ட் எடுக்க வந்து வைஃபை பாஸ்வேர்டு கேட்டு வாங்கியவரின் போன் எல்லாம் சேர்ந்திருக்கும். நேற்று 4ஆம் எண்ணில் இருந்த பிரிண்டர் இன்று 7இல் இருக்கும். விண்டோஸோ நேற்று எழுதி வைத்த 4க்கே வேலையை அனுப்பிவிட்டு, பதில் வராததால் ஆஃப்லைன் என்று முடிவுகட்டிவிடும்.

அப்படியானால் போனில் மட்டும் எப்படி வருகிறது? போன் இந்த ஐ.பி. எண்ணை நினைவில் வைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் 'இங்கே பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா' என்று நெட்வொர்க்கில் குரல் கொடுத்து, பெயரை வைத்துக் கண்டுபிடிக்கிறது. 2010இல் ஆப்பிள் கொண்டுவந்த ஏர்பிரிண்ட் இந்த வழிதான், ஆண்ட்ராய்டு போன்களும் அதே பாணியில்தான் தேடுகின்றன. எண் மாறினாலும் அவற்றுக்குக் கவலை இல்லை.

ஆகவே பிரிண்டருக்கு எப்போதும் ஒரே எண் கிடைக்கும்படி செய்ய வேண்டும். இரண்டு வழி இருக்கிறது: ரவுட்டரில் சொல்லி வைப்பது, அல்லது பிரிண்டரிலேயே எண்ணை அடித்து வைப்பது. இணையத்தில் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்லித் தருவார்கள். நான் முதலாவதைத்தான் சொல்வேன். ஏன் என்பது கீழே பள்ளி அலுவலகத்தின் கேள்வியைப் படித்தால் புரியும்.

முதலில் பிரிண்டரிலிருந்து நெட்வொர்க் விவரத் தாளை அச்சிடுங்கள். திரை இருந்தால் நெட்வொர்க் மெனுவுக்குள் இருக்கும். இல்லாவிட்டால் எந்தப் பட்டனை எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கூட வந்த சிறு புத்தகத்தில் போட்டிருப்பார்கள். அந்தத் தாளில் இரண்டு வரி முக்கியம். ஒன்று இப்போதைய ஐ.பி. எண். இன்னொன்று மேக் முகவரி: இரண்டிரண்டாகப் பிரித்துப் போட்ட 12 இலக்கம், நடுவில் சில ஆங்கில எழுத்துகளும் வரும். இது பிரிண்டர் தயாராகும்போதே அதில் பதிந்தது, மாறாது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கேபிள், வைஃபை இரண்டுமுள்ள பிரிண்டரில் மேக் முகவரியும் இரண்டு இருக்கும். நீங்கள் வைஃபையில் ஓட்டுகிறீர்கள், ஆனால் கேபிளுக்கான முகவரியைக் கொண்டுபோய் ரவுட்டரில் போட்டால் எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் ஒன்றும் நடக்காது.

அப்புறம் பிரவுசரில் ரவுட்டரின் முகவரியை அடித்து உள்ளே போங்கள். 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும், ஜியோ ஃபைபர் என்றால் வழக்கமாக 192.168.29.1. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். லேன் அல்லது டி.எச்.சி.பி. பகுதியில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்றோ 'ஸ்டாட்டிக் லீஸ்' என்றோ ஒன்று இருக்கும், அதில் அந்த மேக் முகவரியையும் நீங்கள் விரும்பும் எண்ணையும், 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம், சேர்த்து சேமியுங்கள். பிரிண்டரை அணைத்துப் போட்டு, தாளை மறுபடி அச்சிட்டுப் பாருங்கள். 50 வந்திருக்க வேண்டும்.

பலர் இத்தோடு எழுந்துவிடுகிறார்கள், பிறகு மறுநாள் வந்து 'அப்பவும் வரலை சார்' என்கிறார்கள். விண்டோஸ் இன்னும் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு இருக்கிறதே, அதற்கு யார் சொல்வது? இரண்டு கணினியிலும் 'பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ்' திறந்து 'போர்ட்ஸ்' தாவலுக்குப் போங்கள். உங்கள் கணினியில் அந்தப் பட்டியல் எப்படி இருக்கும் என்று என்னால் யூகிக்க முடிகிறது: ஒவ்வொரு முறை டிரைவர் போட்டபோதும் ஒன்று சேர்ந்து பழைய எண்கள் வரிசையாக நிற்கும், இடையில் விண்டோஸ் தானாகச் சேர்த்துக்கொண்ட, டபிள்யூ.எஸ்.டி. என்று தொடங்கும் ஒன்றிரண்டு, வெளியே பிரிண்டர் பட்டியலில் 'காப்பி 1', 'காப்பி 2' என்று குட்டிகள். 'ஆட் போர்ட்' அழுத்தி 'ஸ்டாண்டர்ட் டி.சி.பி./ஐ.பி. போர்ட்' தேர்ந்தெடுத்து 192.168.1.50 கொடுத்து, அதற்கு டிக் போட்டுவிடுங்கள். டிரைவரைத் தொடவே வேண்டாம். ஒரு டெஸ்ட் பேஜ் வந்ததும் அந்தக் காப்பிகளை எல்லாம் நீக்கிவிடலாம், இல்லாவிட்டால் கடைப் பையன் அவசரத்தில் அதில் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு மறுபடி ஆஃப்லைன் என்பான்.

சில இணைய நிறுவனங்கள் தரும் ரவுட்டரில் நமக்குக் கொடுக்கும் லாகினில் ரிசர்வேஷன் மெனுவே தெரியாது. அப்போது வேறு வழியில்லை, பிரிண்டரிலேயே அடிக்க வேண்டியதுதான். பிரிண்டரின் ஐ.பி. எண்ணை பிரவுசரில் அடித்தால் அதற்குள் இருக்கும் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும், நெட்வொர்க் பகுதியில் 'ஆட்டோ' என்பதை 'மேனுவல்' அல்லது 'ஸ்டாட்டிக்' ஆக்கி, எண்ணையும், சப்நெட் மாஸ்க்காக 255.255.255.0வையும், கேட்வேயாக ரவுட்டரின் முகவரியையும் கொடுக்க வேண்டும். இந்த வழியில் போனால் ஒரு எச்சரிக்கை. ரவுட்டர் பகிர்ந்து கொடுக்கும் எண் வரிசைக்குள் இருக்கும் எண்ணைப் பிரிண்டருக்கு வைத்தால், அது தெரியாத ரவுட்டர் அதே எண்ணை ஒருநாள் யாரோ ஒருவரின் போனுக்கும் கொடுத்துவிடலாம், பிறகு இரண்டுமே திண்டாடும். சில ரவுட்டர்களில் வரிசை 2இலிருந்து 254 வரை முழுசாகத் திறந்தே கிடக்கும். அதை 2 முதல் 199 வரை என்று சுருக்கிவிட்டு, பிரிண்டருக்கு 210 என்று வெளியே வையுங்கள். 0, 255 இரண்டையும் எதற்கும் வைக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்திலும் இதே பிரச்சினை. 'ஸ்டாட்டிக் ஐ.பி. வாங்கினால்தான் தீரும், இன்டர்நெட் கம்பெனியில் மாதம் கூடுதலாகக் கட்டணம் கட்ட வேண்டும்' என்கிறார் எங்களுக்குக் கணினி பார்ப்பவர். கட்டலாமா?
*(அலுவலக மேலாளர், திருநெல்வேலி)*

பதில்: ஒரு பைசா கட்ட வேண்டாம். இன்டர்நெட் கம்பெனி விற்பது வெளி உலகத்துக்குத் தெரியும் எண். வெளியிலிருந்து உங்கள் அலுவலக சர்வருக்கோ கேமராவுக்கோ நேராக வர வேண்டும் என்றால் அது உதவும். பிரிண்டருக்கு வேண்டியது உள்ளே புழங்கும் எண். 10, 172.16 முதல் 172.31, 192.168 என்று தொடங்கும் எண்களை யார் வேண்டுமானாலும் தங்கள் கட்டடத்துக்குள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம் என்று 1996லேயே ஒதுக்கி வைத்துவிட்டார்கள். இலவசம். மேலே சொன்ன ரிசர்வேஷனைச் செய்தால் முடிந்தது.

அதோடு, யாராவது 'வீட்டிலிருந்தே பிரிண்ட் கொடுக்கலாம்' என்று ஆசை காட்டி, ரவுட்டரில் 9100 போர்ட்டை, அதாவது பிரிண்டருக்கு வேலை வந்து சேரும் வாசலை, வெளியே திறந்துவிடச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். பிரிண்டர்கள் அந்த 9100இல் வருவதை யார் எவர் என்று கேட்காமல் அச்சிடும் பழக்கம் உள்ளவை. 2018 நவம்பரில் இப்படித் திறந்து கிடந்த பிரிண்டர்களில், சுமார் 50,000 என்று சொன்னார்கள், ஒரு யூடியூப் சேனலுக்கு ஆதரவு கேட்கும் துண்டறிக்கையை முகம் தெரியாத ஒருவர் அச்சிட்டு விட்டார். அவர் விளையாட்டாகச் செய்தார். வாடிக்கையாளர்களின் கணக்கு வழக்கு ஓடும் இடத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

கேள்வி: போன வருஷம் பிரிண்டரில் 192.168.1.50 என்று நிரந்தரமாக எண் வைத்துக் கொடுத்தார்கள், ஒரு வருஷம் தொந்தரவே இல்லை. போன வாரம் இன்டர்நெட் கம்பெனியை மாற்றினோம். கேபிளில்தான் இருக்கிறது, கேபிளும் சரியாக இருக்கிறது, ஆனால் எந்தக் கணினியிலிருந்தும் பிரிண்டர் அசையவில்லை. தேர்வு நேரம்.
*(பள்ளி அலுவலக உதவியாளர், புதுக்கோட்டை)*

பதில்: புது ரவுட்டரின் முகவரியைப் பாருங்கள், 192.168.29.1 என்றோ வேறு ஏதோ ஒன்றாகவோ இருக்கும். மூன்றாவதாக வரும் எண்ணைத் தெரு என்று வைத்துக்கொண்டால், கணினிகள் எல்லாம் 29ஆம் தெருவுக்குக் குடிபோய்விட்டன, பிரிண்டர் மட்டும் பழைய 1ஆம் தெருவிலேயே உட்கார்ந்திருக்கிறது. எண்ணைப் பிரிண்டரிலேயே அடித்து வைப்பதில் உள்ள சிக்கல் இதுதான், அதனால்தான் ரவுட்டரில் வைக்கச் சொன்னேன். ரவுட்டரில் வைத்திருந்தால் ரவுட்டர் மாறும்போது ரிசர்வேஷன் போய்விடும், உண்மைதான், ஆனால் பிரிண்டர் புது ரவுட்டரிடமிருந்து ஏதோ ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு நமக்குக் கைக்கெட்டும் இடத்தில் நிற்கும்.

தேர்வு நேரம் என்பதால் சீக்கிர வழி: புது ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.1.1 என்று மாற்றிவிடுங்கள், டி.எச்.சி.பி. வரிசையும் 192.168.1 என்று மாறிவிட்டதா என்று பாருங்கள், எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் போட்டால் கணினிகள் பிரிண்டர் இருக்கும் பக்கம் திரும்பிவிடும். ரவுட்டர் அதற்கு இடம் கொடுக்காவிட்டால் பிரிண்டரின் திரையில் நெட்வொர்க் செட்டிங்ஸை 'ஆட்டோ' ஆக்கி, ரிசர்வேஷன் முறைக்கு வாருங்கள். கணினிகளில் போர்ட் எண்ணையும் மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: எண்ணை நிரந்தரமாக்கிவிட்டோம், பிரிண்ட் ஒழுங்காக வருகிறது. ஆனால் பெரிய மெஷினில் ஸ்கேன் செய்து கணினி ஃபோல்டருக்கு அனுப்புவது மட்டும் அடிக்கடி நின்றுவிடுகிறது.
*(டி.டி.பி. சென்டர் நடத்துபவர், சிவகாசி)*

பதில்: பிரிண்ட் கொடுக்கும்போது கணினி மெஷினைத் தேடுகிறது. ஸ்கேனில் மெஷின் உங்கள் கணினியைத் தேடுகிறது. எனவே கணினியின் எண்ணும் மாறாமல் இருக்க வேண்டும், அதற்கும் ரவுட்டரில் ஒரு ரிசர்வேஷன் போடுங்கள், மெஷினின் அட்ரஸ் புக்கில் அந்த எண்ணைக் கொடுங்கள். விண்டோஸ் பாஸ்வேர்டை மாற்றியிருந்தால் அதையும் அங்கே மாற்ற வேண்டும். இதை மறப்பவர்கள் நிறைய.

இதெல்லாம் சரியாக இருந்தும், புதுக் கணினி வாங்கிய நாளிலிருந்துதான் நின்றது என்றால் காரணம் வேறு. நம் ஊரில் ஓடும் பெரிய மெஷின்களில் பல, வெளிநாட்டில் ஓடி முடித்து இங்கே வந்தவை. அவற்றில் பழையவற்றுக்கு எஸ்.எம்.பி.1 என்ற பழைய முறையில் மட்டுமே ஃபைல் அனுப்பத் தெரியும். 2017இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் கணினிகளில் அது இருப்பதில்லை. அதை மறுபடி ஆன் செய்து கொடுப்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை, அதே 2017இல் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அந்தப் பழைய முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். மெஷினில் ஃபைல் அனுப்பும் இன்னொரு முறையான எஃப்.டி.பி. வசதி இருந்தால் அதற்கு மாறுங்கள், இல்லாவிட்டால் பென் டிரைவில் ஸ்கேன் செய்யுங்கள்.

கேள்வி: விவரத் தாளில் 169.254 என்று தொடங்கும் எண் வருகிறது. இதையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா?
*(வாசகி, தஞ்சாவூர்)*

பதில்: கூடாது. ரவுட்டரிடமிருந்து எண் கிடைக்காததால் பிரிண்டர் தானே போட்டுக்கொண்டது அது. கேபிளைப் பாருங்கள். வைஃபை என்றால் பாஸ்வேர்டு மாறியதா என்றும், விலை குறைந்த பிரிண்டர்கள் பலவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை மட்டுமே எடுக்கும் என்பதால் அதைத் தவறிப்போய் ரவுட்டரில் அணைத்துவிட்டீர்களா என்றும் பாருங்கள்.

கேள்வி: எண் மாறவில்லை, போர்ட்டும் சரி, பிரிண்டரின் பக்கம் பிரவுசரில் திறக்கிறது. ஆனாலும் விண்டோஸ் ஆஃப்லைன் என்றே காட்டுகிறது.
*(வாசகர், ஓசூர்)*

பதில்: அதே போர்ட்ஸ் தாவலில் 'கான்ஃபிகர் போர்ட்' அழுத்துங்கள், கீழே 'எஸ்.என்.எம்.பி. ஸ்டேட்டஸ் எனேபிள்டு' என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். பிரிண்டரிடம் நலம் விசாரித்துப் பதில் வராவிட்டால் விண்டோஸ் அதை ஆஃப்லைன் என்று நினைத்துவிடும்.

கேள்வி: வீட்டில் ஒரே கணினி, பக்கத்திலேயே பிரிண்டர். இத்தனையும் செய்ய வேண்டுமா?
*(ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி)*

பதில்: வேண்டாம் ஐயா. ஒரு யூ.எஸ்.பி. கேபிள் போதும், 5 மீட்டருக்குள் இருக்கட்டும். வைஃபையையும் அப்படியே விட்டுவைத்தால் பேரப்பிள்ளைகள் வந்தால் போனிலிருந்து கொடுத்துக்கொள்வார்கள்.