உதவிப் பேராசிரியருக்கு அடுத்த படி எது: படிப்பா, பொறுப்பா?

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில் உள்ள தனியார் மருத்துவக் கல்லூரியில், நுண்ணுயிரியல் துறையில், ஆறு ஆண்டுகளாக உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். மருத்துவக் கல்விக்கான அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டேன். கணக்கில் எடுத்துக்கொள்ளத்தக்க ஆய்வுக் கட்டுரை ஒன்றுதான் இருப்பதால் இணைப் பேராசிரியர் பதவி உயர்வு தள்ளிப்போகிறது. பிற்காலத்தில் துறைத் தலைவராகவும் நிர்வாகப் பொறுப்பிலும் வர வேண்டும் என்பது என் விருப்பம். உடன் பணியாற்றுவோரில் சிலர் மருத்துவமனை நிர்வாகத்தில் எம்.பி.ஏ. சேர்ந்திருக்கிறார்கள், வேறு சிலர் ஏ.சி.எம்.இ. எனும் மருத்துவக் கல்விப் பயிற்சியைச் செய், மருத்துவ ஆசிரியர்களுக்கான ஃபைமர் உதவித்தகுதிக்கு விண்ணப்பி, பிஎச்.டி. பதிவு செய் என்கிறார்கள். ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் இருப்பதால் வாரக்கணக்கில் வெளியூரில் தங்க இயலாது. எதைத் தேர்ந்தெடுப்பது? கணவருக்கு இடமாறுதல் வந்தால் நானும் கல்லூரி மாற வேண்டியிருக்கும். அப்போது இதுவரையிலான அனுபவம் என்ன ஆகும்?

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு தேவைகள் கலந்திருக்கின்றன. ஒன்று, விதிப்படி பதவி உயர்வு பெறுவதற்கானது. மற்றொன்று, பொறுப்பை ஏற்று நடத்தும் ஆற்றலை வளர்த்துக்கொள்வதற்கானது. முதலாவதற்குச் சான்றிதழ்களும் கட்டுரைகளும் போதும். இரண்டாவதற்கு அவை போதாது. எந்தப் படிப்பில் சேருவது என்பதை முடிவு செய்வதற்கு முன்னால், உங்கள் கல்லூரியில் எந்தச் சிக்கலைத் தீர்க்கும் பொறுப்பை ஏற்கப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள் என்பதே என் ஆலோசனை. அது தெளிவானால் படிப்பைத் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிடும்.

முதலில் விதிகளைப் பார்த்துவிடலாம். இந்திய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக 2020 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம், ஆசிரியர் தகுதிகள் குறித்து 2022 பிப்ரவரியில் வெளியிட்ட விதிகளின்படி, உதவிப் பேராசிரியராக 4 ஆண்டுகள், இரண்டு ஆய்வுக் கட்டுரைகள், மருத்துவக் கல்வித் தொழில்நுட்ப அடிப்படைப் பயிற்சி, உயிரிமருத்துவ ஆய்வு அடிப்படைப் பயிற்சி ஆகியவை இருந்தால்தான் இணைப் பேராசிரியர் ஆக முடியும் என்று இருந்தது. 2025 ஜூலையில் புதிய விதிகள் வந்திருக்கின்றன. ஆகவே வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் சுருக்கங்களை நம்பாமல் ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள மூல அறிவிக்கையை ஒரு முறை முழுமையாக வாசித்துவிடுங்கள். ஆய்வு அடிப்படைப் பயிற்சியைப் பற்றி நீங்கள் எதுவும் குறிப்பிடவில்லை. சென்னையில் உள்ள, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் அதை இணைய வழியில் நடத்துகிறது. வீட்டிலிருந்தே காணொளிப் பாடங்களைக் கேட்டு, பயிற்சிப் பணிகளை ஒப்படைத்து, தேர்வுக்கு மட்டும் மையத்துக்குச் சென்றால் போதும். அதை இன்னும் முடிக்கவில்லை என்றால் வேறு எதையும் யோசிப்பதற்கு முன் அதற்குப் பதிவு செய்யுங்கள்.

கட்டுரையைப் பொறுத்தவரை, ஒற்றை நோயாளி பற்றிய அறிக்கைகள் 2022 விதிகளின் கணக்கில் சேரவில்லை. மூல ஆய்வு, முறைசார் மீளாய்வு, மெட்டா பகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது), பல நோயாளிகளைப் பற்றிய தொடர் அறிக்கை ஆகியவையே எடுத்துக்கொள்ளப்பட்டன. அவையும் பப்மெட் சென்ட்ரல், ஸ்கோபஸ் போன்ற அங்கீகரிக்கப்பட்ட பட்டியல்களில் உள்ள இதழ்களில் வந்திருக்க வேண்டும். கட்டுரையை எழுதியவர்களின் வரிசையில் உங்கள் பெயர் முதல் மூன்றுக்குள் இருக்க வேண்டும், அல்லது இதழோடு தொடர்புகொள்ளும் பொறுப்புள்ள கட்டுரையாளராக நீங்கள் இருக்க வேண்டும். பணம் கட்டினால் பத்து நாளில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களின் பக்கமே போகாதீர்கள். பதவி உயர்வுக் குழுவில் அமர்ந்திருப்பவர்களுக்கு அந்த இதழ்களின் பெயர்கள் நன்றாகவே தெரியும்.

நீங்கள் நுண்ணுயிரியல் துறையில் இருப்பது, நிர்வாகப் பொறுப்புக்கு வர விரும்பும் ஒருவருக்கு நல்வாய்ப்பு என்றே சொல்வேன். உடற்கூறியல், உடலியங்கியல் ஆசிரியர்களுக்கு மருத்துவமனைக்குள் நுழைய வாசல்கள் குறைவு. உங்கள் துறைக்கோ தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு என்ற பெரிய வாசல் இருக்கிறது. பல கல்லூரிகளில் அந்தக் குழுவின் உறுப்பினர்-செயலரோ தொற்றுக் கட்டுப்பாட்டு அலுவலரோ நுண்ணுயிரியல் ஆசிரியராகவே இருப்பார். மூத்தவர்கள் அதைச் சுமையாகக் கருதி இளையவர்களிடம் தள்ளிவிடுவதும் வழக்கம். அந்தச் சுமையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கே தொடங்குவதற்கு ஏற்ற வேலை ஆன்டிபயோகிராம். எந்தக் கிருமி எந்த ஆன்டிபயாடிக்குக்கு எத்தனை விழுக்காடு கட்டுப்படுகிறது என்பதைக் காட்டும் ஆண்டு அட்டவணை அது. உலக சுகாதார நிறுவனத்தின் வோநெட் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஆய்வகத்தின் கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) முடிவுகளை அதில் ஏற்றினால் அட்டவணை கிடைத்துவிடும். ஒரே நோயாளியிடமிருந்து திரும்பத் திரும்ப வளர்ந்த ஒரே கிருமியில் முதலாவதை மட்டுமே எண்ண வேண்டும். ஓர் இனக் கிருமியில், பிரித்தெடுத்த மாதிரிகள் குறைந்தது 30 இல்லாமல் விழுக்காடு போடக்கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவின் முடிவுகளைப் பிற வார்டுகளோடு கலக்காமல் தனியே காட்ட வேண்டும். இந்த மூன்றையும் கவனிக்காமல் தயாரிக்கப்பட்ட அட்டவணைகள் சுவரில் ஒட்டுவதற்கு மட்டுமே பயன்படும்.

அட்டவணை கையில் வந்த பிறகுதான் தலைமைப் பண்பு என்று எல்லோரும் சொல்கிற விஷயம் தொடங்குகிறது. அறுவை சிகிச்சைக்கு முன்னால் கொடுக்க வேண்டிய தடுப்பு ஆன்டிபயாடிக்கை, அறுவை முடிந்த பிறகு நீட்டிக்கத் தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஆனால் நம் மருத்துவமனைகள் பலவற்றில் ஐந்து நாள், ஏழு நாள் என்று அது தொடர்வதை நீங்களே கண்டிருப்பீர்கள். உங்களைவிடப் பதினைந்து ஆண்டு மூத்த அறுவை சிகிச்சைப் பேராசிரியரிடம் சென்று, அவருடைய பழக்கத்தைக் குறைகூறாமல், அவருடைய வார்டின் தரவுகளையே அவர் முன் வைத்து, ஒரே ஒரு யூனிட்டில் மூன்று மாதம் முயன்று பார்க்கலாமா என்று கேட்டு, செவிலியர் கண்காணிப்பாளரையும் மருந்தகத்தையும் உடன் சேர்த்துக்கொண்டு அதை நடத்தி முடிப்பது எந்த எம்.பி.ஏ. வகுப்பிலும் கிடைக்காத பயிற்சி. முதல் முறை அவர் மறுத்துவிடலாம். அடுத்த காலாண்டுத் தரவோடு மீண்டும் செல்லுங்கள். இடையில் அவருடைய முதுநிலை மாணவர் ஒருவரை இந்த வேலையில் சேர்த்துக்கொண்டால் பாதி எதிர்ப்பு கரைந்துவிடும் என்பது என் அனுபவம்.

உங்களுக்குத் தேவைப்படும் இரண்டாவது கட்டுரையும் இதிலிருந்தே வரும். ஆண்டு ஆன்டிபயோகிராமை அப்படியே எழுதி அனுப்பினால் நல்ல இதழ்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் மருந்துப் பயன்பாடும் அறுவைப் புண் தொற்றும் எப்படி இருந்தன என்று ஒப்பிடும் ஆய்வுக்கு மதிப்பு உண்டு. தரவு சேர்க்கத் தொடங்குவதற்கு முன்பே ஆய்வுகளின் அறநெறியைப் பரிசீலிக்கும் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற்றுவிடுங்கள். பழைய பதிவேடுகளிலிருந்து எடுக்கும் தரவாக இருந்தாலும் ஒப்புதல் வேண்டும், நோயாளிகளின் இசைவிலிருந்து மட்டும் விலக்குக் கேட்கலாம். வேலை முடிந்த பிறகு போய்க் கேட்டால் எந்தக் குழுவும் முன்தேதியிட்டு ஒப்புதல் தராது.

இனிப் படிப்புகளுக்கு வருகிறேன். ஏ.சி.எம்.இ. எனப்படும் மருத்துவக் கல்வி உயர்நிலைப் பயிற்சி, அடிப்படைப் பயிற்சியை முடித்தவர்களுக்கானது. ஆணையம் குறித்துள்ள மையங்களில் நடக்கிறது. தமிழகத்தில் வேலூர் சி.எம்.சி. அவற்றுள் ஒன்று. சில நாள்கள் நேரடி அமர்வு, பல மாதங்கள் இணைய வழிக் கலந்துரையாடல், உங்கள் கல்லூரியிலேயே செய்ய வேண்டிய ஒரு கல்வித் திட்டம் என்பது அதன் அமைப்பு. ஃபைமர் உதவித்தகுதியும் ஏறத்தாழ இதே வடிவம்தான், ஆனால் இரண்டு ஆண்டுகள் நீளும். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபைமர் அறக்கட்டளையின் வட்டார நிறுவனம் கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில் 2007 முதல் இயங்கிவருகிறது. மும்பையிலும் லூதியானாவிலும் அதற்கு முன்பே தொடங்கியவை உண்டு. இரண்டுக்கும் வாரக்கணக்கில் வெளியூரில் தங்க வேண்டியதில்லை. நேரடி அமர்வு தவிர மற்றவை அனைத்தும் உங்கள் வீட்டு மேசையில் நடப்பவை.

இரண்டில் எது? ஏ.சி.எம்.இ. கற்பித்தலையும் மதிப்பீட்டையும் ஆழமாகக் கற்றுத்தரும்; உங்கள் கல்லூரியின் மருத்துவக் கல்விப் பிரிவில் இடம் பெறவும் உதவும். ஃபைமர் அதோடு மாற்றத்தை நிர்வகிப்பது, மறுப்பவர்களோடு பேசுவது, குழுவை வழிநடத்துவது ஆகியவற்றுக்கும் நேரம் ஒதுக்குகிறது. நாடு முழுவதிலும் உள்ள பழைய உதவித்தகுதியாளர்களின் தொடர்பு பல ஆண்டுகளுக்குக் கை கொடுக்கும். நீங்கள் நிர்வாகப் பொறுப்பை நாடுவதால் ஃபைமரையே முதலில் முயலச் சொல்வேன். விண்ணப்பத்தில் கல்வித் திட்டத்தின் முன்வரைவும் கல்லூரித் தலைமையின் ஆதரவுக் கடிதமும் கேட்பார்கள். திட்டத்துக்காக நீங்கள் வெகுதூரம் தேட வேண்டாம்: 2019-இல் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு நடைமுறைக்கு வந்த திறன்வழிப் பாடத்திட்டம், தொற்றுக் கட்டுப்பாட்டு நடைமுறைகளையும் தற்காப்புக் கவச உடையைப் பயன்படுத்துவதையும் மாணவர் செய்துகாட்ட வேண்டும் என்கிறது. இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு அதைக் கற்பித்து, பின்னர் அவர்கள் வார்டில் அதைக் கடைப்பிடிக்கிறார்களா என்று மதிப்பிடும் திட்டம், குழுவில் நீங்கள் செய்யும் வேலையோடு இயல்பாகப் பொருந்தும்.

எம்.பி.ஏ. இப்போது வேண்டாம். மருத்துவக் கண்காணிப்பாளர் பொறுப்பையோ மருத்துவமனை மேலாண்மையையோ நோக்கிச் செல்பவருக்கு அது பயன்படலாம். ஆசிரியர் பதவி உயர்வில் அதற்கு எந்தக் கணக்கும் இல்லை. எம்.டி. பெற்றவருக்குப் பிஎச்.டி., ஆய்வையே வாழ்க்கையாகக் கொள்ளும் எண்ணம் இருந்தால் மட்டுமே பொருளுடையது. அப்படியானால் அதைவிட மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் (டி.பி.டி.) வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் டி.பி.டி.–வெல்கம் இந்தியா அலையன்சின் மருத்துவ ஆய்வு உதவித்தகுதிகளைப் பாருங்கள் என்பேன்.

குழுக்களைப் பற்றி ஒரு வார்த்தை, குறிப்பாகப் பெண் ஆசிரியர்களுக்கு. ஆண்டு விழா, வரவேற்பு, அலங்காரம், விடுதி என்று வரும் பொறுப்புகள் உங்கள் மாலை நேரங்களை விழுங்கும். பின்னால் அவற்றைப் பற்றி எவரும் கேட்க மாட்டார்கள். நடவடிக்கைக் குறிப்பும் தரவும் முடிவெடுக்கும் உரிமையும் உள்ள குழுக்களையே நாடுங்கள்: பாடத்திட்டக் குழு, தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு, நெறிமுறைக் குழு. 2019-ஆம் ஆண்டு புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகளின்படி நெறிமுறைக் குழுவின் தலைவர் நிறுவனத்துக்கு வெளியிலிருந்தும் உறுப்பினர்-செயலர் நிறுவனத்துக்குள்ளிருந்தும் வர வேண்டும். ஆகவே கோப்புகள் அனைத்தும் செயலரின் கையில்தான் இருக்கும். பொதுவாகவே தலைவர் பதவியைவிடச் செயலர் பதவியில்தான் நிர்வாகம் கற்றுக்கொள்ள முடியும்.

பயிற்சிக்குச் செல்லும் நாள்களுக்கு வாய்மொழி அனுமதியோடு கிளம்பிவிடாதீர்கள். பணி நாள்களில் 75 விழுக்காடு வருகையை ஆணையம் ஆதார் வழிப் பதிவின் மூலம் பார்க்கிறது. எனவே பணிநிமித்தம் வெளியில் இருப்பதற்கான ஆணை எழுத்தில் இருக்க வேண்டும். முதல்வரிடம் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: எந்த நாள்கள், அந்த நாள்களில் உங்கள் வகுப்பையும் ஆய்வகத்தையும் யார் பார்ப்பார்கள், திரும்பி வந்து என்ன செய்து காட்டுவீர்கள். கல்லூரிகளின் தரத்தை அளவிடும் நாக் மதிப்பீட்டில் ஆசிரியர் பயிற்சி விவரங்கள் கேட்கப்படுகின்றன என்பதை அதில் ஒரு வரி சேர்ப்பது, செலவில் ஒரு பகுதியைக் கல்லூரி ஏற்பதற்குக்கூட வழி செய்யலாம். துறைத் தலைவரைத் தாண்டி நேரே முதல்வரிடம் போகாதீர்கள். குறிப்பில் அவருடைய பரிந்துரைக் கையொப்பம் இருக்கட்டும்.

அரசுப் பணியில் உள்ள வாசகர்களுக்கு ஒரு சொல்: உங்களுக்குப் பதவி உயர்வு பணிமூப்புப் பட்டியலைப் பொறுத்தது என்பதால் மேலே சொன்ன பயிற்சிகள் அதை விரைவுபடுத்தப்போவதில்லை, முறையான அனுமதி பெற்றே விண்ணப்பிக்கவும் வேண்டும்.

இறுதியாக, கல்லூரி மாறுவது. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேர ஆசிரியராக இருந்த காலம் உங்களோடு வரும். ஆனால் அதை நிறுவ வேண்டியவர் நீங்கள். பணி நியமன ஆணை, பணியில் சேர்ந்த அறிக்கை, பணி விடுவிப்பு ஆணை, பதவியும் தேதிகளும் தெளிவாக உள்ள அனுபவச் சான்று, ஒவ்வோர் ஆண்டுக்கான படிவம் 16 (சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று) ஆகியவற்றின் நகல்களை இப்போதே சேர்த்து வையுங்கள். விலகிய பிறகு கேட்டால் சில நிர்வாகங்கள் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். கல்வியாண்டின் நடுவில் மாறுவதைத் தவிர்க்கப் பாருங்கள், ஏனெனில் ஓர் ஆசிரியரை ஒரே ஆண்டில் இரு கல்லூரிகளின் கணக்கில் காட்டுவது சிக்கலைக் கொண்டுவரும். ஃபைமரில் சேர்ந்த பிறகு மாறுதல் வரும் நிலை ஏற்பட்டால், திட்டத்தைப் புதிய கல்லூரியில் தொடர முடியுமா என்பதை உங்கள் வழிகாட்டியிடம் உடனே பேசிவிடுங்கள். புதிய கல்லூரியோடு நேர்காணலில் பேசும்போதே அதற்கான ஆதரவுக் கடிதத்தையும் ஒரு நிபந்தனையாகக் கேட்டுப் பெறுங்கள்.