டிக்கியில் இன்வெர்ட்டர் பேட்டரி வைக்கலாமா?

வாகன மின்சாரம்: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: ஐயா, என்னுடையது 2014-ஆம் ஆண்டு டீசல் கார். டிக்கியில் 1000 வாட் ஆம்ப்ளிஃபையரும் 12 அங்குல ஊஃபர் ஸ்பீக்கர் இரண்டும் வைத்திருக்கிறேன். சத்தத்தைக் கூட்டினால், ஒவ்வொரு அடிக்கும் ஹெட்லைட் மங்கி மங்கி எரிகிறது. வீட்டில் 150 ஏ.எச். இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று சும்மா கிடக்கிறது. அதை டிக்கியில் வைத்து, முன்னால் இருக்கும் பேட்டரியோடு பிளஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ் சேர்த்துவிடலாமா? நண்பர் லித்தியம் வாங்கச் சொல்கிறார். எல்லாமே 12 வோல்ட்தானே?
– வாசகர், குடியாத்தம்

பதில்: இன்வெர்ட்டர் பேட்டரியை வைக்காதீர்கள், தம்பி. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றவற்றைப் பிறகு பேசலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், கத்திரி வெயிலில், நீங்கள் நினைப்பது போலவே இணைத்திருந்த கார் ஒன்று வேலூர் சத்துவாச்சாரியில் என் பட்டறைக்கு வந்தது. திருவண்ணாமலை கிரிவலம் முடித்துத் திரும்பிய குடும்பம். பின்சீட்டில் இரண்டு குழந்தைகள் கண்ணைக் கசக்கியபடி இருமிக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை முகத்தில் அடித்தது. டிக்கி விரிப்பு ஆசிட் பட்டு நைந்து போயிருந்தது. பேட்டரியின் மேல் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அதில் இருந்த ஆறு செல்களில் ஒன்று ஷார்ட் ஆகிவிட்டது. அது தெரியாமல், இஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு மேல் மீதி ஐந்து செல்களுக்குள் திணித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த நிலையில் கொதித்து ஹைட்ரஜனும் கிளம்பும். மூடிய டிக்கியில் அது சேர்ந்திருக்கும்போது ஒரு சிறு பொறி போதும். அந்தக் குழந்தைகளின் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. தண்ணீர் ஊற்றும் பேட்டரி எதுவானாலும் ஆட்கள் உட்காரும் அறைக்குள் வரக் கூடாது. டிக்கியும் அந்த அறையைச் சேர்ந்ததுதான்.

வாயு வராவிட்டாலும் அது உங்கள் வேலைக்கு உதவாது. இன்வெர்ட்டர் பேட்டரி மணிக்கணக்காக ஃபேனும் லைட்டும் ஓட்டச் செய்தது. மெதுவாகக் கொடுக்கும், ஊஃபர் கேட்பது போல நொடியில் அள்ளிக் கொடுக்காது. ஐம்பது கிலோவுக்கு மேல் எடை வேறு.

இனி அந்த 12 வோல்ட். அது பெயர் மட்டுமே. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். முழுச் சார்ஜில் ஓய்ந்திருக்கும் சாதாரண ஆசிட் பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்டும். ஏ.ஜி.எம். பேட்டரி (ஆசிட் கண்ணாடி இழை விரிப்பில் ஊறியிருக்கும் மூடிய வகை) 12.8-இலிருந்து 13 வரை. லித்தியம் வகையான லித்தியம் இரும்பு பாஸ்பேட் 13.3. இவற்றை நேரடியாகச் சேர்த்தால், இஞ்சினை நிறுத்திய பிறகும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓட்டம் நிற்காது. இரண்டும் புதியவையாக இருக்கும் வரை அந்த ஓட்டம் சிறியது, பாதிப்பு தெரியாது. முன்பேட்டரிக்கு வயதாகி, சார்ஜ் உள்ளுக்குள்ளேயே கசியத் தொடங்கினால், பின்னால் இருக்கும் விலை உயர்ந்த பேட்டரியை இரவெல்லாம் உறிஞ்சிவிடும். ஒரு செல் ஷார்ட் ஆனால் அந்த பேட்டரி 10.5 வோல்ட்டுக்கு இறங்கும்; நல்லது முழுவதும் கெட்டதற்குள் பாயும். காலையில் இரண்டும் போயிருக்கும், செல்ஃப் எடுக்காது.

நம் வட ஆர்க்காட்டு ஏரிகளுக்கு மதகு வைத்தது எதற்காக? தேவையானபோது திறக்க, மற்ற நேரம் மூடிவைக்க. பேட்டரிகளுக்கு நடுவிலும் அப்படி ஒரு மதகு வேண்டும். வோல்டேஜ் பார்த்துத் தானே இயங்கும் சுவிட்ச், அதாவது ரிலே, கிடைக்கிறது. இஞ்சின் ஓடி 13.3 வோல்ட் வந்ததும் சேர்க்கும், 12.8 அளவுக்கு இறங்கியதும் பிரித்துவிடும். முன்னால் உங்கள் ஆசிட் பேட்டரி செல்ஃபுக்கு மட்டும், பின்னால் மூடிய ஏ.ஜி.எம். ஒன்று ஆம்ப்ளிஃபையருக்கு, நடுவில் இந்த ரிலே. நான் செய்தால் இப்படித்தான் செய்வேன். ரிலே 12.8-இல் பிரிவதால் 13.3-இல் நிற்கும் லித்தியத்தோடு இதே ரிலே இரவில் பிரியாமல் நிற்கக்கூடும் என்பதையும் கவனியுங்கள். லித்தியத்துக்கு, ஓட்டத்தை அளவோடு விடும் டி.சி.–டி.சி. சார்ஜர்தான் பொருத்தம்.

லித்தியம் மோசம் என்று சொல்லவில்லை. எடை குறைவு, கொடுக்கும் வேகம் அதிகம். வாங்கும் வேகமும் அதிகம் என்பதில்தான் சிக்கல். காலியான லித்தியத்தை நேரடியாக இணைத்தால் ஆல்டர்னேட்டரை அதன் உச்சத்துக்கு இழுத்துவிடும். மே மாதம் வேலூர் கிரீன் சர்க்கிளில் நெரிசலில் நிற்கிறீர்கள், இஞ்சின் ஐடிலில், ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகச் சுற்றுகிறது. அதன் உள்ளே இருக்கும் டயோடு எரிவது அப்போதுதான். லித்தியத்தை பானட்டுக்குள் வைக்கவே கூடாது, அந்தச் சூடு அதற்கு ஆகாது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று: உங்களுக்கு இரண்டாவது பேட்டரியே தேவைப்படாமல் போகலாம். 1000 வாட் ஆம்ப்ளிஃபையர் 80 சதவீதத் திறனில் இயங்கினாலும் உச்சத்தில் 90 ஆம்பியர் இழுக்கும். முன்னாலிருந்து டிக்கி வரை 5 மீட்டருக்கு 8 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட்டிருந்தால், வழியிலேயே ஒரு வோல்ட் போய்விடும். 35 சதுர மில்லிமீட்டர் போட்டால் கால் வோல்ட்கூடப் போகாது. கம்பி நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்புப் பூச்சு பூசிய அலுமினியம். எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்டைச் சுரண்டி, இரும்பு தெரிய முறுக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். என்னிடம் வந்த மங்கும் ஹெட்லைட்டுகளில் பலவற்றை இந்த இரண்டு வேலையிலேயே சரிசெய்திருக்கிறேன்.

அதன் பிறகும் பேட்டரி வேண்டுமென்றால், ஒவ்வொரு பேட்டரியின் பிளஸிலிருந்தும் 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃபியூஸ். இரண்டு பேட்டரி என்றால் இரண்டு ஃபியூஸ், கம்பியின் இரு முனையிலும். ஒரு முனையில் மட்டும் போட்டால், கம்பி ஷார்ட் ஆகும்போது மறுமுனையிலிருந்து நெருப்பு வரும். பேட்டரியை இரும்புப் பட்டை வைத்து இறுக்குங்கள். துணிக் கயிறு போதாது.

கேள்வி: கார் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டருக்குப் பதிலாக ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரை ஊற்றலாமா? ஆர்.ஓ. தண்ணீர்?
– வாசகி, ஆரணி

பதில்: இரண்டும் வேண்டாம், அம்மா. ஏ.சி. தண்ணீரில் உப்பு குறைவுதான், ஆனால் குளிர்க்குழாயின் உலோகத் துகளும் தூசியும் கலந்து வரும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு முழுதாக நீங்குவதில்லை. நம் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர் பெரிய விலை இல்லை, அதையே வாங்குங்கள். தகடு வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் தகடு மூழ்கும்வரை மட்டும் ஊற்றி, சார்ஜ் ஆன பிறகு மேல் கோடு வரை நிரப்புங்கள். ஆசிட் எந்தக் காரணத்துக்கும் ஊற்றாதீர்கள்.