வெளிறிய ஃபைபர் படகு: கேட்டவையும் சொன்னவையும்

முல்லைத்தீவுக் கரையில் 15 வருடமாக ஃபைபர் படகு திருத்துகிறேன். படகின் நிறம், மேற்பூச்சு பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். எஞ்சின் கோளாறுக்கு மெக்கானிக்கைப் பிடியுங்கள். கேட்டவர்களின் ஊர்ப்பெயரைக் கேள்விக்கு முன்னால் போட்டிருக்கிறேன்.

அளம்பில்: அண்ணை, மீள்குடியேறின பிறகு கிடைத்த பதினெட்டரை அடிப் படகு. கடும் நீலம். இப்போது சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. சாய்ந்து நின்றால் சேட்டெல்லாம் தூள். பழைய நிறம் வருமா?

பெரும்பாலும் வரும் தம்பி. முதலில் ஒரு வாளி நல்ல தண்ணீரைப் பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள். ஈரம் நிற்கும்வரை நீலம் தெரிந்தால் பூச்சு உயிரோடு இருக்கிறது. ஈரத்திலும் சாம்பலாகவே நின்றால் மினுக்கிப் பயனில்லை.

ஃபைபருக்கு மேலே இருக்கிற ஜெல்கோட் நிறம் கலந்த ரெசின். ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான், ஐந்தாறு கொப்பித்தாள் கனம். வெயிலின் புறஊதாக்கதிர் மேலே உள்ள ரெசினை உடைக்க, பிடிப்பில்லாமல் போன நிறம் தூளாக நிற்கிறது. சேட்டில் ஒட்டுவது அதுதான். அந்தச் செத்த தோலை மட்டும் எடுக்கவேண்டும், அதற்கு மேல் ஒரு இழைகூட எடுக்கக்கூடாது.

உப்பும் மணலும் போகப் பாத்திரம் கழுவும் திரவம் போட்டுக் கழுவுங்கள். ஒரு மணல் பருக்கை துணிக்குள் இருந்தாலே கோடு விழும். காய்ந்ததும் அசிட்டோன் துணியால் துடைத்து, பின்பக்கம் இரண்டடிச் சதுரத்தில் ரப்பிங் கொம்பவுண்டை (தேய்த்து மினுக்கும் பசை) கையால் தேய்த்துப் பாருங்கள். பளபளப்பு வந்தால் அதுவே போதும், சாண்ட் பேப்பரை எடுக்கவே வேண்டாம். வராவிட்டால் 1000ஆம் இலக்கத் தண்ணீர்ப் பேப்பர், பிறகு 1500, 2000. அதன் பின் கொம்பவுண்ட், பொலிஷ், கடைசியில் மெழுகு. பேப்பரை மரக்கட்டையில் சுற்றி, அடிக்கடி தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். வழிகிற தண்ணீர் நீலப் பாலாக இருக்கும். அது முழுக்க உங்கள் படகின் பூச்சு, திரும்பி வராது. விளிம்பிலும் மூலையிலும் பூச்சு மெல்லியது, அங்கே கை அழுத்தக்கூடாது. காலை நிழலில் செய்யுங்கள். வெயிலில் கொம்பவுண்ட் இறுகிப் பிடித்துவிடும்.

வட்டுவாகல்: கிரைண்டரில் டிஸ்க் போட்டால் கெதியாக முடியாதா?

வேண்டாம். நாலு அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும். பொலிஷ் மெசினுக்கு 1,500 அளவே போதும். தொடக்கத்தில் நான் அவசரப்பட்டு ஒரு படகின் அணியத்தில் (முன்பக்கத்தில்) கிரைண்டரை வைத்தேன். கண் மூடித் திறப்பதற்குள் நார் வெளியே வந்துவிட்டது. அந்த இடத்தைக் கட்டி எழுப்ப இரண்டு நாள் போயிற்று, நிறமும் ஒத்து வரவில்லை. கிரைண்டரைத் தொடாதீர்கள்.

நாச்சிக்குடா: தேங்காயெண்ணெய் பூசினால் புதிதாகத் தெரிகிறதே, அண்ணை?

எண்ணெயும் தண்ணீர் மாதிரித்தான், தூளை நனைத்து நிறத்தைக் காட்டும். சில நாளில் புழுதி ஒட்டிக் கறுக்கும். பிறகு பெயின்ட் அடித்தால் உரிந்து வரும்.

கொக்கிளாய்: நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். என் தகப்பன் வருடாவருடம் வள்ளத்துக்குச் சுறா எண்ணெய் பூசுவார். அந்த வள்ளம் என் காலம்வரை ஓடியது.

ஐயா, அந்த வள்ளத்தைப் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. மரம் எண்ணெயைக் குடிக்கும், குடித்த எண்ணெய் தண்ணீரை உள்ளே விடாது. ஜெல்கோட் குடிக்காது. மேலேதான் நிற்கும்.

கொக்கிளாய்: குடிக்காவிட்டால் மெழுகு மட்டும் என்ன செய்யும்? அதுவும் மேலேதானே நிற்கிறது?

நல்ல கேள்வி ஐயா. மெழுகு காய்ந்து இறுகும், எண்ணெய் காயாமல் பிசுபிசுக்கும். மெழுகும் நிரந்தரமில்லை. நம் வெயிலுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடச் சொல்வேன். உங்கள் தகப்பன் வருடாவருடம் தவறாமல் செய்தாரே, அந்தப் பழக்கம்தான் ஃபைபருக்கும் வேண்டும். சுறா எண்ணெயை மர வள்ளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாயாறு: எங்கள் படகும் வெளிறிவிட்டது. என்ன செய்யலாம்?

தண்ணீர் ஊற்றிப் பார்த்தீர்களா? முதல் பதிலை வாசியுங்கள்.

முள்ளியவளை: நந்திக்கடலில் ஓடும் படகு, தண்ணீர் மட்டத்தில் மண்ணிறக் கறை. கழிவறை அசிட் ஊற்றலாமா?

கூடாது. ஒக்சாலிக் அசிட்டைத் தண்ணீரில் கரைத்துப் பூசி, சிறிது நேரத்தில் நிறைய நீர் ஊற்றிக் கழுவுங்கள். கையுறை கட்டாயம்.

மாத்தளன்: மினுக்காமல் நேரே பெயின்ட் அடித்தால்?

ஈரத்தில் நிறம் வந்தால் அவசரப்படாதீர்கள். பெயின்ட் அடித்தால் அதையும் பராமரிக்கவேண்டும். நிறம் வராவிட்டால் எபொக்சி பிரைமர் (அடிப்பூச்சு), அதன் மேல் இரண்டு டின் கலக்கும் பொலியூரிதேன் பெயின்ட். சாதாரண எனாமல் கெதியாக வெளிறும். புதிய ஜெல்கோட் பூச விரும்பினால், மெழுகு கலந்ததைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் காற்றுப்பட்ட மேற்பரப்பு ஒட்டிக்கொண்டே இருக்கும். அதை இறுக வைக்கக் கலக்கும் ஹாடனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடி போடாமல் கலக்காதீர்கள். பதிவு இலக்கத்தைப் படம் எடுத்து வைத்து, வேலை முடிந்ததும் அதே இடத்தில் எழுதுங்கள்.

செம்மலை: வாடைக்குக் கரையில் ஏற்றினால் தரப்பாளால் மூடலாமா?

இறுக்கிக் கட்டினால் உள்ளே ஈரம் நிற்கும், காற்றில் உராய்ந்து பூச்சும் தேயும். நாலு கம்பு நட்டு மேலே கிடுகு போடுங்கள். ஏப்ரல் நடுவில் இங்கே சூரியன் நேர் உச்சியில் நிற்கும், அப்போதும் அந்தக் கிடுகு வேண்டும்.

கள்ளப்பாடு: படகு மங்கலாக இருக்கிறது, எந்தப் பேப்பர்...

தண்ணீர், தண்ணீர். ஊற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள், பேப்பரைப் பிறகு பேசலாம்.

அளம்பில்: அண்ணை, ஊற்றிப் பார்த்தேன். நீலம் வந்தது! எஞ்சின் பூட்டும் பலகைப் பக்கம் மட்டும் வரவில்லை.

அப்படியானால் பக்கங்களை மினுக்குங்கள். அந்தப் பலகைப் பக்கத்தை மினுக்கவேண்டாம். டேப் ஒட்டிப் பிரித்து, அதற்கு மட்டும் பெயின்ட் அடியுங்கள்.