பயிற்சி மருத்துவரும் ஒரு கண்ணாடிக் குழாயும்

"மூத்த மருத்துவர்கள் இருக்கும்போது, சிகிச்சையின் தரத்தையும் நோயாளியின் பாதுகாப்பையும் பயிற்சி மருத்துவரால் உயர்த்த முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி மருத்துவராக இருந்து, சொன்னது எடுபடாமல் மனம் நொந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் பிசான அறுவடை நேரம். நான் பயிற்சியில் இருந்த மருத்துவமனைக்கு, அம்பாசமுத்திரம் பக்கத்து ஆச்சி ஒருவரை இரவில் அழைத்து வந்தார்கள். "இருட்டுல என்ன கடிச்சுதுன்னு தெரியலய்யா" என்றார். காலில் வீக்கமில்லை. பாம்பு கடித்திருக்கலாம் என்ற இத்தகைய நிலையில் 2 மில்லி ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம். உறையாவிட்டால் விரியன் நஞ்சு ஏறியிருப்பதாகக் கொள்வோம். உறையவில்லை. விஷமுறிவு மருந்தை ஏற்றினேன். சில நிமிடங்களில் அந்த மருந்தே ஒவ்வாமல் உடலெங்கும் தடித்து, ரத்த அழுத்தம் சரிந்து, அட்ரினலின் போட்ட பிறகே ஆச்சி மீண்டார். ஒரு மணி நேரம் கழித்துப் புதுக் குழாயில் பார்த்தபோது ரத்தம் நன்றாக உறைந்தது. நஞ்சு முறிந்தாலும், உறைவதற்கான புரதங்களைக் கல்லீரல் மீண்டும் உருவாக்கச் சுமார் 6 மணி நேரமாகும் என்பதால், கோளாறு முதல் குழாயில்தான் என்று உறைத்தது.

வார்டில் குழாய்களைச் சோப்புத்தூளில் கழுவித் திரும்பப் பயன்படுத்தி வந்தார்கள். உறைதலைத் தூண்டுவது கண்ணாடியின் பரப்பு. அதில் சோப்பு படிந்திருந்தால் நல்ல ரத்தமும் உறையாமல் போகலாம். மறுநாள் நாங்கள் நான்கு பேர் எங்கள் ரத்தத்தையே எடுத்துச் சோதித்தோம். புதுக் குழாய் நான்கிலும் உறைந்தது. கழுவிய குழாய்களில் மூன்றில் உறையவில்லை.

செவிலியர்மீது பழி போடுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். குழாய் போதிய அளவு வராத இடத்தில், கழுவி வைத்தவரைக் குறை சொல்வது நியாயமல்ல. மேலும், மருந்தை ஏற்றியது என் கை. குழாய்களை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போனபோது, "வந்த வேலையைப் பாருங்கள்" என்றார். அந்தச் சொல் இன்றும் வலிக்கிறது, ஏனெனில் நான் பார்த்தது அந்த வேலையைத்தான்: அச்சோதனையைக் கட்டிலருகே நின்று நள்ளிரவில் செய்பவர் பயிற்சி மருத்துவரே, பேராசிரியர் பார்ப்பது காலையில் கேஸ் ஷீட்டில் உள்ள முடிவை மட்டுமே.

கேட்டுக்கொண்டவர் தலைமைச் செவிலியர். ஸ்டோரிலிருந்து புதுக் குழாய்களை வாங்கி, பாம்புக்கடிக்கென்று தனிப் பெட்டியில் பூட்டி வைத்தார். நாங்கள் இரண்டு மாதத்தில் அடுத்த பிரிவுக்குப் போய்விடுவோம், அவர் அங்கேயே இருப்பார். ஆகவே நீங்கள் எதைக் கண்டாலும் முதலில் அவரைப் போன்ற ஒருவரிடம் சொல்லுங்கள். எங்களுக்குப் பின் வந்த அணிக்கு, முதல் நாளே அந்தப் பெட்டியைத் திறந்து காட்டியவர் அவர்தான்.