யார்க்‌ஷயர் கல்வீடு: ஃபோம் பலகை ஒட்டாதீர்கள்

1780-களில் கட்டிய கிரேடு 2 (இங்கிலாந்தில் சட்டப் பாதுகாப்புள்ள பாரம்பரியக் கட்டட வகை) கல்வீடு, சுவரெல்லாம் ஈரம், குளிர் தாங்கவில்லை, உள்ளே ஃபோம் பலகை ஒட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து ஒட்டாதீர்கள். சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதை அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி உத்தர முனைகள் உளுத்துப்போகும். வெளியே சிமெண்ட் பூச்சு இருக்கிறதா? அதுவும் இப்படித்தான் ஈரத்தை அடைக்கும், என் சந்தேகம் அதன்மேல்தான். ஈரச்சுவர் சூட்டை வேகமாகக் கடத்திவிடும், அது காயாமல் எந்த ஹீட்டர் வைத்தும் பலனில்லை.

கூரைக்கடியில் 270 மில்லிமீட்டர் கனத்துக்கு வெப்பக்காப்புக் கம்பளி பரப்புங்கள், ஓரக் காற்றோட்டத்தை மட்டும் அடைக்காதீர்கள். அப்புறம் ஜன்னல்களுக்கு உட்பக்கம் இன்னொரு கண்ணாடிச் சட்டம். சுவருக்கு மரநார்ப் பலகையும் சுண்ணாம்புப் பூச்சும் ஒத்துவரும். ஆனால் எதையும் தொடும் முன் கவுன்சிலின் பாரம்பரியக் கட்டட அதிகாரியிடம் பேசுங்கள். தேவையான அனுமதி இல்லாமல் மாற்றினால் இங்கிலாந்தில் அது குற்றம்.