கீட்டோ பழைய நகரில் நடக்க: தூரத்தை விடுங்கள், ஏற்றத்தைக் கணக்கிடுங்கள்

கேள்வி: திருச்சியிலிருந்து அப்பா (67), அம்மா (62), நான் மூவரும் கலாபகோஸ் தீவுகளுக்குப் போகிறோம். வழியில் ஈக்வடார் தலைநகர் கீட்டோவில் தங்கல். சனிக்கிழமை இரவு இறங்குகிறோம். செவ்வாய் காலை தீவுக்கு விமானம். நடுவே ஞாயிறும் திங்களும் கையில் இருக்கின்றன. பழைய நகரை வழிகாட்டியோடு நடந்து பார்க்க ஆசை. ‘ஃப்ரீ வாக்கிங் டூர்’ போதுமா, காசு கொடுத்து தனியாக ஆள் வைத்துக்கொள்வதா? அப்பா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி. மூவரும் சைவம்.

பதில்: வழிகாட்டி யார் என்பதற்கு முன்னால், எந்த நாள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். நடையைத் திங்கட்கிழமைக்குத் தள்ளுங்கள். ஞாயிறு காலை தேவாலயங்களில் திருப்பலி நடக்கும். வேடிக்கை பார்க்க வருபவர்களை அந்த நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள். மையத்தின் பல தெருக்களில் அன்று வண்டிகளுக்கும் தடை இருக்கும். நடப்பவர்களுக்கு அது சுகம்தான். ஆனால் முழங்கால் வலி உள்ளவரை நினைத்த இடத்தில் டாக்சியில் ஏற்ற முடியாது. திங்களன்று பெரும்பாலான அருங்காட்சியகங்கள் விடுமுறை. அதனால் நகர அருங்காட்சியகம் போன்றவை கைநழுவும். அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளலாம், ஏனென்றால் கீட்டோவின் உண்மையான சொத்து தேவாலயங்களுக்குள்தான் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. கீட்டோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர்தான். அதற்கும் 200 மீட்டர் மேலே ஒரு தலைநகரமே உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் திருச்சியில் கிடைப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம். உயர நோய் என்கிற தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் பெரும்பாலும் இறங்கிய 6 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைகாட்டும். சனி இரவு இறங்கி ஞாயிறு காலையே மேடு ஏறினால், அந்த நேரத்தில் சரியாகப் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

விமான நிலையம் நகரத்துக்கு வெளியே, தபபேலாவில், சுமார் 2,400 மீட்டரில் இருக்கிறது. முதல் இரவை அந்தப் பக்கமே தங்கிக் கழித்தால் உடம்புக்கு ஒரு படி குறைவு. இரவில் 40 நிமிடத்துக்கு மேல் மலைப்பாதையில் போகும் அலைச்சலும் மிச்சம். தண்ணீர் நிறையக் குடியுங்கள், இரவு உணவைக் குறையுங்கள், மதுவைத் தொடவேண்டாம். உயர நோய் வராமலிருக்க அசிடசோலமைடு மாத்திரையைப் பலரும் பரிந்துரைப்பார்கள். அப்பா விஷயத்தில் அதைச் சொந்தமாக முடிவு செய்யக்கூடாது. அது சிறுநீரை அதிகம் வெளியேற்றும் மருந்து. ரத்த அழுத்தத்துக்கு அவர் எடுப்பதும் அந்த வகையாக இருந்துவிட்டால் உப்புச்சத்து குறைந்து மயக்கம் வரும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கும் இது சிக்கல். ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பது, நடை தள்ளாடுவது, தலைவலி நேரம் ஆக ஆகக் கூடுவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைய திட்டத்தை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போகவேண்டியதுதான்.

அப்படியானால் ஞாயிறு என்ன செய்வது? வாடகைக் காரில் நிலநடுக்கோட்டுக்குப் போய்வாருங்கள். நகரத்துக்கு வடக்கே சுமார் 26 கிலோமீட்டரில் இருக்கும் மித்தாத் தெல் முந்தோ கீட்டோவைவிடத் தாழ்வான இடம், நடையும் குறைவு. அங்கிருக்கும் 30 மீட்டர் நினைவுச்சின்னமும் அதன் மஞ்சள் கோடும் உண்மையான பூஜ்ஜியக் கோட்டிலிருந்து சுமார் 240 மீட்டர் தள்ளி இருக்கின்றன; அதனால் படம் எடுக்கும் கூட்டம் குறைந்துவிடவில்லை. பக்கத்திலிருக்கும் இந்தின்யான் திறந்தவெளிக் காட்சியகத்தில் தொட்டித் தண்ணீர் கோட்டுக்கு இந்தப்பக்கம் ஒரு சுழி, அந்தப்பக்கம் எதிர்ச்சுழி என்று காட்டுவார்கள். ரசியுங்கள், நம்பவேண்டாம். பூமியின் சுழற்சி ஒரு தொட்டித் தண்ணீரை அவ்வளவு தெளிவாகத் திருப்பாது. ஊற்றுகிற கை திருப்புகிறது. ஆணித்தலையில் முட்டையை நிறுத்துவதையும் பொறுமை இருந்தால் திருச்சியிலேயே செய்யலாம். அதே வழியில் புலுலாகுவா எரிமலை வாயின் விளிம்பு இருக்கிறது. அதன் அடியில் மக்கள் குடியிருந்து விவசாயம் செய்கிறார்கள். மதியத்துக்குப் பிறகு மேகம் வந்து நிரப்பிவிடும் என்பதால் முதலில் அதைப் பார்த்துவிட்டு நினைவுச்சின்னத்துக்குத் திரும்புங்கள்.

இனி வழிகாட்டி. ‘ஃப்ரீ’ என்ற பெயரில் நடப்பவை இலவசம் அல்ல. முடிவில் அன்பளிப்பு கொடுக்கவேண்டும், தலைக்கு 5 முதல் 10 டாலர் வரை பலரும் கொடுக்கிறார்கள். நல்ல கதைசொல்லிகள் அமைவதுண்டு. இளைஞர்களுக்கு அது போதும். உங்கள் குடும்பத்துக்கு ஒத்துவராது. அவர்கள் பத்து, பத்தரைக்குக் கிளம்பி இரண்டரை, மூன்று மணி நேரம் உச்சி வெயிலில் நிற்கவைப்பார்கள். கூட்டம் 20 பேரைத் தாண்டும் நாளும் உண்டு, நடைவேகம் இளசுகளுக்கானது. எல்லாவற்றையும்விட, நுழைவுக் கட்டணம் உள்ள தேவாலயங்களுக்குள் அவர்கள் பொதுவாகப் போவதில்லை. வாசலில் நின்று விளக்கிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தங்கம் முழுவதும் உள்ளே இருக்கிறது!

மூவருக்கு மட்டும் அரை நாள் தனி வழிகாட்டி வையுங்கள். முன்பதிவின்போது இவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: சுற்றுலா அமைச்சகம் தந்த வழிகாட்டி அட்டை இருக்கிறதா (அங்கே அது கட்டாயம்), ஆங்கிலத்தில் தடையில்லாமல் பேசுவாரா, நுழைவுச்சீட்டுகள் கட்டணத்துக்குள் அடங்குமா, எந்தெந்தக் கட்டடத்துக்குள் போவோம், நடுவில் டாக்சி எடுக்கச் சம்மதமா. கடைசிக் கேள்விக்குத் தயங்குபவரை விட்டுவிடுங்கள்.

பாதையை மேலிருந்து கீழாக அமையுங்கள். பழைய நகரம் வரைபடத்தில் சின்னது. முக்கியமான இடங்கள் எல்லாம் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடும். அதைப் பார்த்து ஏமாந்து பலரும் மெட்ரோவில் சான் பிரான்சிஸ்கோ நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வடக்கே பசிலிக்கா என்கிற பெரிய தேவாலயம் வரை மேடேறி, பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். காலை எட்டரைக்கு டாக்சியில் நேராகப் பனெசியோ குன்று. ஊரைப் பார்த்தபடி இறக்கையோடு நிற்கும் அலுமினிய மாதா சிலை 1970களில் வைத்தது. பீடத்தோடு 41 மீட்டர். வானம் வெளுத்திருந்தால் கோத்தபாக்ஸி எரிமலையின் பனி முடி தெரியும். டாக்சியைக் காத்திருக்கச் சொல்லி அதிலேயே இறங்குங்கள். குன்றுக்குப் போகும் படிக்கட்டுப் பாதை வழிப்பறிக்குப் பேர்போனது, பகலிலும் வேண்டாம்.

அதே டாக்சி பசிலிக்கா வாசலில் விடட்டும். 1892இல் அடிக்கல் நட்ட கோதிக் பாணிக் கட்டடம். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தூம்பு உருவங்கள் ஐரோப்பியப் பூதங்கள் அல்ல, ஆமை, உடும்பினமான இகுவானா, அர்மடில்லோ என்று எல்லாம் ஈக்வடார் விலங்குகள். உள்மண்டபத்துக்கு ஒரு சீட்டு, கோபுரத்துக்குத் தனிச் சீட்டு. கோபுர வழியில் கூரை வளைவுகளுக்கு மேலே ஒரு பலகைப் பாலம், பிறகு நெட்டுக்குத்தான இரும்பு ஏணிகள். நீங்கள் மட்டும் நிதானமாக ஏறுங்கள், பெற்றோர் கீழே கண்ணாடி ஓவியங்களைப் பார்த்தபடி உட்காரட்டும்.

அங்கிருந்து வெனிசுவேலா தெரு வழியாகப் பிளாசா கிராந்தே என்கிற மையச் சதுக்கம் வரை இறக்கம். மூச்சுக்கு இறக்கம் நல்லது, முழங்காலுக்குக் கெட்டது. முதல் சில தெருக்கள் செங்குத்து, நடைபாதை குறுகல், கல் தேய்ந்து வழவழவென்றிருக்கும், மழையில் வழுக்கும். அம்மாவும் அப்பாவும் டாக்சியில் சதுக்கத்துக்கு வந்துவிடலாம். ரப்பர் அடிப்பாகம் கொண்ட, குதிகாலைப் பிடிக்கும் செருப்போ ஷூவோ மூவருக்கும் அவசியம்.

சதுக்கத்தின் நடுத் தூணை அவசரப்படாமல் பாருங்கள். உச்சியில் சுதந்திர தேவி. கீழே காயம்பட்ட சிங்கம் ஒன்று நழுவிப் போகிறது, அதுதான் ஸ்பெயின். 1809 ஆகஸ்ட் 10 கிளர்ச்சியின் நினைவு. மேற்கே ஜனாதிபதி மாளிகை. அதன் வாசலருகேதான் 1875இல் ஜனாதிபதி கார்சியா மொரேனோ வெட்டிக் கொல்லப்பட்டார். இரண்டாண்டு கழித்து, சதுக்கத்தின் தெற்கே இருக்கும் பேராலயத்தில் புனித வெள்ளியன்று பேராயருக்குத் திருப்பலித் திராட்சை ரசத்திலேயே விஷம் வைத்தார்கள். வழிகாட்டி இவற்றைச் சொல்லாமல் கட்டட நீள அகலம் மட்டும் சொன்னால் நீங்களே கேளுங்கள்.

ஒன்றரைத் தெரு தெற்கே லா கொம்பானியா தேவாலயம். இயேசு சபையினர் 1605இல் தொடங்கி 1765இல் முடித்தது. முடிந்த இரண்டே ஆண்டில் ஸ்பெயின் அரசர் சபையினரையே நாடு கடத்திவிட்டார். முகப்பு சாம்பல் நிற எரிமலைக் கல், உள்ளே தரையிலிருந்து கூரை வரை தங்க ரேக்கு. முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். வாசல் பக்கம் நரகத்தைக் காட்டும் பெரிய ஓவியம் இருக்கும். அது 1879இல் வரைந்த நகல், மூலம் 1620ஐச் சேர்ந்தது. எந்தப் பாவத்துக்கு எந்தத் தண்டனை என்று படத்திலேயே எழுதியிருக்கும். எழுத்தறியாதவர்களை மிரட்ட வரைந்த ஓவியத்தில் எழுத்து எதற்கு என்று தோன்றும். வாசித்துச் சொல்லப் பாதிரியார் இருந்தார். படம் எடுக்கலாமா என்று சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இரண்டு தெரு தள்ளி, கொஞ்சம் மேடேறினால் சான் பிரான்சிஸ்கோ தேவாலயமும் மடமும். இந்த மடத்தில்தான் உள்ளூர்ப் பழங்குடிகளுக்கு ஓவியமும் சிற்பமும் கற்றுத்தந்தார்கள். கீட்டோ மரபு என்கிற கலை அங்கிருந்து கிளைத்தது. மரச்சிலைகளின் முகத்தை உற்றுப் பாருங்கள். தோல் பளபளப்பது வார்னிஷால் அல்ல. வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசி, ஆட்டின் சிறுநீர்ப்பையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். கண்களைக் கண்ணாடியில் செய்து பதிப்பார்கள். பலிபீடத்தில் 1734இல் பெர்னார்தோ தே லெகார்தா செதுக்கிய சிறிய மாதா இருக்கிறது: இறக்கையோடு, ஒரு காலை எடுத்துவைத்து ஆடுவதுபோல. காலையில் குன்றில் பார்த்த பெரிய சிலை இதன் பிரதிதான். வெளிப்படிக்கட்டில் கந்தூன்யா கதையை வழிகாட்டி சொல்வார்: சாத்தானிடம் ஆன்மாவை அடகு வைத்து ஓரிரவில் முற்றத்தைக் கட்டியவன், கடைசிக் கல்லை ஒளித்துவைத்து ஒப்பந்தத்தை முறித்தானாம்.

இரண்டு மணிக்குள் இதை முடித்துவிடவேண்டும். அக்டோபர் முதல் மே வரை மதியத்துக்கு மேல் மழை சகஜம். மழை இல்லாவிட்டாலும் வெயில் விடாது: குளிரில் சுடுவது தெரியாமலே இரண்டு மணி நேரத்தில் மூக்கும் காதும் வெந்துவிடும். நிலநடுக்கோடு, உயரம் இரண்டும் சேர்ந்த புற ஊதாக் கதிர் அது. நம் நிறம் காப்பாற்றும் என்று இருக்கவேண்டாம். தொப்பி, சன்ஸ்கிரீன், மெல்லிய மழைச்சட்டை மூன்றும் ஒரே பையில் இருக்கட்டும்.

சாப்பாட்டில் ‘சின் கார்னே’ என்று மட்டும் சொன்னால் கோழி வரும். அங்கே கார்னே என்றால் பலருக்கு மாடு, பன்றி மட்டுமே. ‘சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ’ (இறைச்சி, கோழி, மீன் இல்லாமல்) என்று மூன்றையும் அடுக்குங்கள். உருளைக்கிழங்கும் சீஸும் சேர்ந்து அவகாடோ மிதக்கும் லோக்ரோ தே பாப்பா சூப் சைவமாகத் தெரியும். கோழிச் சாறில் செய்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். லியாப்பிங்காச்சோ என்கிற உருளை அடையையும் வறுத்த சோளத்தையும் பன்றிக் கொழுப்பில் பொரிப்பது பழைய வழக்கம். ‘சின் மந்தேக்கா தே சாஞ்சோ’ என்று கேட்கவேண்டும். பருப்பு அல்லது பீன்ஸ் குழம்பு ஊற்றிய சோறு, அர்ரோஸ் கோன் மெனெஸ்த்ரா, நம் வயிற்றுக்குப் பழகியது. மேசையில் வைக்கும் அஹி, மரத்தக்காளியும் மிளகாயும் அரைத்தது, சட்னிக்குக் கிட்டத்தட்ட ஒன்றுவிட்ட தம்பி.

நாணயம் அமெரிக்க டாலர். ஆனால் 20 டாலர் நோட்டையே சில்லறை கடைகள் முறைத்துப் பார்க்கும். 50, 100 வாங்கமாட்டார்கள். ஒன்று, ஐந்து, பத்தாக மாற்றிக்கொண்டு போங்கள். போனைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள். சட்டையில் ஏதோ சிந்திவிட்டு ‘துடைத்துவிடட்டுமா’ என்று யாராவது நெருங்கினால் நிற்காமல் ஒரு கடைக்குள் நுழைந்துவிடுங்கள். பை போவது அந்தத் துடைப்பில்தான். இருட்டிய பின் பழைய நகரம் காலியாகிவிடும். 2024 முதல் அவசரநிலை அறிவிப்புகளும் ஊரடங்கும் அவ்வப்போது வந்துபோகின்றன, கிளம்பும் வாரம் செய்தியைப் பார்த்துவிடுங்கள்.

ஊரிலேயே முடிக்கவேண்டிய ஒன்று: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று. கீட்டோவிலும் கலாபகோஸிலும் அந்த நோய் ஆபத்து இல்லை, ஆனால் இந்தியாவின் பட்டியலில் ஈக்வடார் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் சான்றில்லாமல் வந்திறங்கினால் தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியின் பக்கவிளைவு அபாயம் சற்று அதிகம். அப்பா, அம்மா இருவருமே அந்தக் கணக்கில் வருகிறார்கள். விமானச் சீட்டைப் பதிவு செய்வதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட்டு, சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகரித்த மையத்தில் நாள் கேளுங்கள்.