தென்னாப்பிரிக்காவில் பழைய திருட்டு வழக்குப் பதிவை நீக்க முடியுமா?

முடியும். 2011இல் நீங்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கடையில் எடுத்த பொருளுக்கு 1,500 ரேண்ட் அபராதம்தானே? தீர்ப்பாகிப் பத்து ஆண்டு கடந்து, அபராதம் 20,000 ரேண்டைத் தாண்டாமல் இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

வேலை கேட்கும் இடமெல்லாம் அது தலைகாட்டுவது, நாம் கேட்காதவரை பதிவு தானாகப் போகாது என்பதால்தான்.

முதலில் காவல் நிலையத்தில் விரல்ரேகை கொடுத்து போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் (உங்கள் பேரில் உள்ள குற்றப் பதிவைக் காட்டுவது) வாங்கி, தீர்ப்புத் தேதியைப் பாருங்கள். அப்புறம் அந்தச் சான்றிதழோடு பிரிட்டோரியாவில் உள்ள நீதி அமைச்சகத்துக்கு விண்ணப்பம். அதற்குக் கட்டணம் கிடையாது. ஏஜென்ட்டுக்குக் கொட்டிக் கொடுக்காதீர்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகும்.

ஒன்று மட்டும்: அந்தப் பத்து ஆண்டுக்குள் வேறு வழக்கில், அபராதம் கட்டித் தப்ப வழியில்லாத சிறைத் தண்டனை விழுந்திருந்தால் இது நடக்காது. அப்படியானால் குடியரசுத் தலைவரின் மன்னிப்புக்கு மனு போட வேண்டியதுதான்.